விசைப்பலகையில் தொல்காப்பியர்

'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் இடவேண்டும். எதை முதலில் தட்டுவது? கண்ணால் நோக்கின் அதில் மூன்று உறுப்புகள் உள்ளன: இடப்புறம் ஒற்றைக்கொம்பு, நடுவில் ககரம், வலப்புறம் கால். செவியால் கேட்பின் இரண்டே ஒலிகள்: க் என்னும் மெய், ஒ என்னும் உயிர். கண்ணை நம்புகிறவர் கொம்பிலிருந்து தொடங்குவார்; மூன்று தட்டு. செவியை நம்புகிறவர் ககரத்திலிருந்து தொடங்குவார், இரண்டு தட்டு. மிகச் சிறிய கேள்விதான். ஆயினும் தமிழைப் பொறியில் ஏற்றிய வரலாற்றின் பெரும்பகுதி இந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது.

பயன்படுத்துவோர் இடைமுகம் என்று கணினித்துறையினர் வழங்கும் தொடருக்கு, மனிதரும் பொறியும் சந்திக்கும் இடம் என்று எளிமையாகப் பொருள் கொள்ளலாம். அந்த இடத்தை வடிவமைக்கும்போது முடிவுகள் இரு வழிகளில் எடுக்கப்படுகின்றன. கையாளப்படும் பொருளின் இயல்பை ஆராய்ந்து எடுப்பது ஒரு வழி. கையாளும் மனிதரின் விரலையும் கண்ணையும் பழக்கத்தையும் ஆராய்ந்து எடுப்பது இன்னொரு வழி. தமிழ் விசைப்பலகையில் 'பொருள்' என்பது நம் எழுத்துமுறையே ஆகையால், முதல் வழியில் செல்பவர் எழுத்ததிகாரத்தின் வாசலில் போய் நிற்க நேர்கிறது. தமிழ் படித்த நாம் இதைப் பொறியாளர் சிக்கல் என்று ஒதுக்கிவைத்தது ஏன் என்று விளங்கவில்லை.

முதலில் தட்டச்சுப் பொறி. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயா சென்று அங்கு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தையாகப் போற்றப்படுகிறார். அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை எண்ணிப்பார்க்க வேண்டும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். பொறியிலோ நாற்பது சொச்சம் விசைகள். மேல்நிலை, கீழ்நிலை இரண்டையும் சேர்த்தாலும் தொண்ணூறு வடிவங்களுக்கு மேல் இடமில்லை. எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அதிலேயே இடம் தரவேண்டும்.

விடை, எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பதில் கிடைத்தது. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை தனி விசைகளாயின. புள்ளியும் மேல்விலங்கும் எழுத்தின் தலைமேல் அமர்வன. அவற்றை அடிக்கும்போது தாள் நகர்ந்துவிடலாகாது. ஆகவே 'நகரா விசை' அமைந்தது. விரல் தட்டும், குறி பதியும், தாள் நின்ற இடத்திலேயே நிற்கும்; அடுத்துத் தட்டும் மெய் அந்தக் குறியின் கீழே வந்து பதியும். உகர, ஊகார வரிசைதான் அடங்காப்பிடாரி. கு, சு, டு, மு, ரு என்று ஒவ்வொன்றும் தனித்தனி வளைவு. அவற்றிற்கு இடம் தேடியே விசைகளில் பெரும்பகுதி நிறைந்தது.

இதன் விளைவாகத் தட்டச்சில் 'க்' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் புள்ளி, பிறகு ககரம். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். முழுக்க முழுக்கக் கண்ணின் வரிசை. இரும்பின் கட்டாயத்தால் நேர்ந்த வரிசை. அதில் குறை காண ஏதுமில்லை. இருந்த பொறியில் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியுமா என்பது ஐயமே.

இந்தப் பொறியின் முன் ஒரு தலைமுறை அன்று, மூன்று தலைமுறை அமர்ந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில்கூடத் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. இளநிலை, முதுநிலைத் தேர்வுகளில் தேறியோர்க்கு அரசு அலுவலகக் கதவு திறந்தது. பள்ளியிறுதி முடித்த எத்தனையோ பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கியது அந்தச் சான்றிதழைக் கொண்டுதான். இடக்கை விரல்கள் 'யளனக' என்று ஓடுவதை அவர்கள் மனத்தால் நினைத்து அடிக்கவில்லை. விரல் தானே அறிந்திருந்தது. இந்த விரலறிவை நாம் இங்கே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்து வாதங்கள் அனைத்திலும் இது ஒரு தரப்பாக வந்து நிற்கும்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இவ்விடத்தில் தொட்டுச் செல்லலாம். பெரியார் 1935 முதல் 'குடி அரசு' ஏட்டில் கையாண்ட மாற்றங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா வரிசையும், ணை, லை, ளை, னை ஆகியவையும் பிற எழுத்துகளைப் போலவே காலும் கொம்பும் பெற்றன. மொத்தம் 13 எழுத்துகள். கற்பவர்க்கும் அச்சுக்கோப்பவர்க்கும் எளிமை என்பதே அதன் அடிப்படை. கருவிக்கேற்ப எழுத்து வளைவது புதிதன்று. ஓலைக்கேற்ப வளைந்த எழுத்துதானே நம்முடையது.

கணினி வந்தது. தாள் நகரவேண்டிய கட்டாயம் ஒழிந்தது. தட்டிய விசைக்கும் திரையில் தோன்றும் வடிவத்திற்கும் இடையில் ஒரு நிரல் அமர்ந்து, எதை வேண்டுமானாலும் எதுவாகவும் மாற்றலாம் என்ற நிலை. பழைய வரிசையைக் காப்பாற்ற இனிப் பொறியில் காரணம் இல்லை. மனிதரிடத்தில் மட்டும் இருந்தது.

இந்த நிலைமையை ஆங்கிலம் நமக்கு முன்பே கண்டிருந்தது. கிறிஸ்டோபர் லாத்தம் ஷோல்ஸ் உருவாக்கி, ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்த பொறியின் விசையமைப்பே, சிறு மாற்றங்களுடன், இன்றளவும் உலகெங்கும் உள்ளது. அச்சுக்கோல்கள் ஒன்றோடொன்று சிக்காதிருக்க அவ்வாறு அமைத்தார் என்பது பரவலாக வழங்கும் கதை. தந்திச் செய்திகளைப் பெயர்த்து எழுதியோரின் வசதிக்கேற்பவே அது படிப்படியாக உருப்பெற்றது என்று ஜப்பானிய ஆய்வாளர் யசுவோகா இணையர் 2011இல் வாதிட்டனர். தோற்றம் எதுவாயினும், அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஆகஸ்ட் டுவொராக் அதை ஏற்கவில்லை. தொழிலாளரின் கையசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்த கில்பிரெத் இணையரின் வழியில் தட்டச்சர்களின் விரலசைவுகளை ஆராய்ந்து, மிகுதியாக வரும் எழுத்துகளை நடுவரிசையில் வைத்து, 1936இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். உயிரெழுத்துகள் அனைத்தும் இடக்கைக்கு; மிகுதியாக வரும் மெய்கள் வலக்கைக்கு. இரு கைகளும் மாறி மாறி இயங்கினால் விரைவு கூடும் என்பது அவர் கணக்கு.

கணக்கு நன்றாகவே இருந்தது. உலகம் மாறவில்லை. அமெரிக்க அரசு அலுவலகங்களுக்காக ஏர்ல் ஸ்ட்ராங் 1956இல் வெளியிட்ட ஆய்வு, பழைய அமைப்பில் தேர்ந்தவரைப் புதியதற்கு மாற்றுவதால் செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்றது. பொருளியலாளர் பால் டேவிட் 1985இல் இதையே எடுத்துக்காட்டாக்கி, முதலில் வேரூன்றியது சிறந்ததாக இல்லாவிடினும் நிலைத்துவிடும் என எழுதினார். டுவொராக்கின் அமைப்பு உண்மையிலேயே மேலானதா என்று 1990இல் லீபோவிட்சும் மார்கோலிசும் திருப்பிக் கேட்டனர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. பழகிய விரல் எளிதில் இடம் பெயராது என்ற அளவில் இருதரப்பும் ஒன்றுபடுகின்றன.

இந்தியாவுக்குத் திரும்புவோம். நடுவண் அரசின் மின்னணுவியல் துறை 1986இல் 'இன்ஸ்கிரிப்ட்' என்ற பொது அமைப்பைத் தரப்படுத்தியது. நோக்கம் உயர்ந்தது: இந்திய எழுத்துமுறைகள் அனைத்தும் ஒரு தாய் வழியின, ஆகவே ஒரு மொழியில் கற்றவர் எல்லா மொழியிலும் தட்டலாம். உயிர் இடப்புறம், மெய் வலப்புறம். மெய்யை முதலில் தட்டி உயிர்க்குறியைப் பின்னர்த் தட்டவேண்டும். செவியின் வரிசை இங்கேயே வந்துவிட்டது. ஆயினும் அளவுகோல் தேவநாகரி. நமக்கு இல்லாத வர்க்க எழுத்துகளின் இடங்கள் தமிழில் வெறுமனே கிடந்தன. தேவநாகரியில் அருகி வழங்குவன என்று மேல்நிலைக்கு ஒதுக்கப்பட்டவற்றுள் ண, ன, ற, ள, ழ ஐந்தும் அடக்கம்! தமிழில் ஒரு வரி எழுதிப் பாருங்கள். 'அவன்', 'நான்', 'என்றாள்', 'அவர்கள்'. ஒவ்வொன்றிற்கும் சுண்டுவிரலால் மேல்நிலை விசையை அழுத்தியபடி இன்னொரு விரலால் தட்டவேண்டும். ஒருமைப்பாட்டின் விலையைத் தமிழரின் சுண்டுவிரல் கொடுத்தது எனலாம்.

தொண்ணூறுகளின் குழப்பத்தை இங்கு விரித்தால் பெருகும். எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம், நிறுவனத்துக்கு ஒரு விசையமைப்பு. ஒருவர் தட்டியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவை வாங்கவேண்டும். சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, மலேசியாவின் முத்து நெடுமாறன் முதலியோர் தத்தம் வழியில் முயன்றுகொண்டிருந்தனர். 1997இல் சிங்கப்பூரில் கூடியவர்கள் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாட்டில் மீண்டும் கூடினர். அதன் விளைவாகத் தமிழக அரசு அறிவித்த பொது விசையமைப்பே 'தமிழ் 99'.

இந்த அமைப்பை ஒரு நூலைப் படிப்பதுபோல் படிக்கவேண்டும் என்பது நம் வேண்டுகோள். விசைகள் 31. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. தொல்காப்பியர் முதலெழுத்து என்று எண்ணிய முப்பதும், அவர் சார்பெழுத்துள் வைத்த ஆய்தமும். இந்த 31ஐக் கொண்டு, மேல்நிலை விசையைத் தொடாமலே 247 எழுத்தும் எழுதலாம். ஸ, ஷ, ஜ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் மட்டும் மேல்நிலையில் உள்ளன.

இடக்கைப் பக்கம் பாருங்கள். ஆங்கில ஏ, எஸ், டி விசைகளில் அ, இ, உ. அவற்றின் நேர்மேலே கியூ, டபிள்யூ, ஈ விசைகளில் ஆ, ஈ, ஊ. ஜி விசையில் எ; அதன் மேலே டி-யில் ஏ. குறில் நடுவரிசையில், அதன் நெடில் தலைக்கு மேலே. அரிச்சுவடி படித்த குழந்தைக்கு இதை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை. ஒருமுறை காட்டினால் போதும். ஒகரமும் ஓகாரமும் கீழ்வரிசையில் அருகருகே. ஔகாரம் இடக்கைச் சுண்டுவிரலுக்கு எட்டும் மூலையில். ஒரு பக்க உரைநடையில் அது ஒருமுறை வந்தாலே மிகுதி.

வலக்கைப் பக்கம் இன்னும் அழகு. நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. இவற்றுள் ப-வும் ம-வும் அடுத்தடுத்து. த-வும் ந-வும் அடுத்தடுத்து. மேல்வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ. இதிலும் ற–ன, ட–ண, ச–ஞ ஆகியவை அடுத்தடுத்து. ஒவ்வொரு வல்லினத்தின் வலப்பக்கத்திலும் அதன் இனமான மெல்லினம். ககரத்துக்கும் ஙகரத்துக்கும் மட்டும் இந்த அண்மை வாய்க்கவில்லை. ஙகரம் கீழ்வரிசைக்குப் போய்விட்டது. இனவெழுத்து என்று நன்னூல் நடத்தும்போது கரும்பலகையில் எழுதிக்காட்டும் இணைகள் அப்படியே விரலுக்கடியில் கிடக்கின்றன.

உயிர்மெய் என்றால் மெய் முன்னே, உயிர் பின்னே என்று தொல்காப்பியர் கூறுவார். ஆகவே 'பாடு' என்று தட்ட, ப வலக்கை, ஆ இடக்கை, ட வலக்கை, உ இடக்கை. டுவொராக் விரும்பிய கைமாற்றம் தமிழுக்கு அதன் எழுத்திலக்கணத்தாலேயே கிடைத்துவிடுகிறது. விதிவிலக்கும் உண்டு. வகரம் இடக்கைச் சுட்டுவிரலுக்குப் போயிற்று. வலப்புறத்தில் இடம் போதவில்லை. வருகிறான், போவான் என்று அடிக்கடி வரும் எழுத்தை அங்கே வைத்தது நமக்கு உவப்பானதன்று. தமிழுக்குச் சிறப்பெழுத்து என்று நாம் பெருமை பேசும் ழகரமோ வலப்புறக் கீழ்க்கோடியில், சுண்டுவிரல் தேடிப்போகும் இடத்தில் கிடக்கிறது. பெருமை வேறு, வருகைக் கணக்கு வேறு.

ஆய்த விசைக்கு இரட்டை வேலை. மெய்யை அடுத்துத் தட்டினால் புள்ளி. மற்ற இடங்களில் ஆய்தம். குழப்பம் நேராதா என்றால் நேராது. ஆய்தம் குறிலை அடுத்தே வரும் என்பது இலக்கணம். 'அஃது' என்பதில் அகரத்தின் பின்னர் வந்தது. மெய்யெழுத்தை நேரே அடுத்து அது வாராது. 'பஃறி' போன்ற சொற்களில் முதலெழுத்து உயிர்மெய் ஆதலின், அகரத்தையும் தட்டிக்கொண்டு செல்லவேண்டும், அவ்வளவே.

இனி, இவ்வமைப்பின் உயிர்நிலையான தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறும்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் 'அம்மா'. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தைத் தட்டினாலும் அவ்வாறே: ம, ங, க, ஐ என்று நான்கே தட்டில் 'மங்கை'. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற நெடுஞ்சொல்லுக்கு நாம் எண்ணிய அளவில் 21 தட்டுகள். அதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் 23 எழுத்து. ண, ற, ள மூன்றுக்கும் மேல்நிலை விசை தனி.

இங்கே ஓலைச்சுவடியை நினைக்காதிருக்க முடியவில்லை. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எங்கே புள்ளி வரும் என்பதைப் படிப்பவர்தாம் தம் மொழியறிவால் உய்த்துணர வேண்டும். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்கள் சுவடிகளோடு மல்லாடியதில் புள்ளியில்லா எழுத்துக்கும் பங்குண்டு. தமிழ் 99இல் தட்டுபவரும் புள்ளி இடாமல் விட்டுச்செல்கிறார். ஏடு படித்தவரின் இடத்தில் நிரல் அமர்ந்துகொண்டு, மெய்ம்மயக்க விதியைப் பார்த்து இட்டு நிரப்புகிறது. எழுதுபவருக்குச் சுமையைக் குறைத்து, படிக்கும் தரப்புக்கு மாற்றும் ஏற்பாடு நம் மரபில் முன்பே இருந்ததுதான்.

ஆனால் ஏடு படித்தவர் அறிந்திருந்த ஒன்றை இந்த விதி அறியவில்லை. 'நதி' என்று எழுத ந, த, இ என்று தட்டினால் 'ந்தி' என்று வருகிறது. நகரமும் தகரமும் இனம் அல்லவா! இடையில் அகரத்தைத் தட்டி, 'இங்கே புள்ளி வேண்டாம்' என்று சொல்லவேண்டும். நந்தன், தத்தை, பப்பாளி, கக்கன், வவ்வால், மம்மி எல்லாவற்றிலும் இதே தொல்லை. புதிதாகப் பழகுவோர் முதல் வாரத்தில் இதில்தான் இடறி, சலித்து, வேறு முறைக்குப் போய்விடுகிறார்கள். தமிழில் எச்சொல்லும் தனிமெய்யில் தொடங்காது என்பது மொழிமரபின் பாடம். இடைவெளியை அடுத்து வரும் முதல் மெய்க்குத் தானியங்கிப் புள்ளி இல்லை என்று ஒரேயொரு விதி சேர்த்திருந்தால் மேற்கண்ட சொற்கள் அனைத்தும் நேராக வந்திருக்கும். அகக்கண், சுகக்கேடு போலச் சொல்லின் இடையில் வருவன மட்டுமே எஞ்சியிருக்கும். இலக்கணத்தை இவ்வளவு தூரம் அழைத்துவந்தவர்கள் இன்னும் ஓரடி அழைத்திருக்கலாம். எழுத்ததிகாரம் நடத்துவோர் யாரேனும் அருகிருந்து தட்டிப்பார்த்திருந்தால் முதல் நாளிலேயே கண்டிருப்பார்கள் என்றே நமக்குத் தோன்றுகிறது. 'நதி' ஒன்றும் அருஞ்சொல் அன்று.

சரி, இத்துணைச் சிறப்புள்ள அமைப்பு பரவியதா? அரசு அறிவித்தது, மென்பொருள்களும் அமைந்தன. முகுந்தராஜ் உருவாக்கிய எ-கலப்பை, 2008இல் வந்த என்.எச்.எம். ரைட்டர் ஆகியவை தமிழ் 99ஐயும் தட்டச்சு அமைப்பையும் ஒலிபெயர்ப்பையும் ஒருசேரத் தந்தன. எதை வேண்டுமாயினும் தேர்ந்துகொள்ளலாம். தேர்வை மக்களிடம் விட்டபோது, தட்டச்சுப் பயிலகத்தில் பயின்றோர் பழைய அமைப்பிலேயே இருந்தனர். அவர்கள் மீது குறைபடுவது முறையன்று. நிமிடத்துக்கு நாற்பது சொல் அடிக்கும் ஒருவரை, 'அறிவியல்படி இது சிறந்தது' என்று சொல்லி மீண்டும் அரிச்சுவடிக்கு அனுப்ப யாருக்கு உரிமை? ஸ்ட்ராங் ஆய்வு சொன்னதும் அதுவே.

எஞ்சியோரில் மிகப்பலர் ஒலிபெயர்ப்பை எடுத்துக்கொண்டனர். ஏ, எம், எம், ஏ, ஏ என்று தட்டினால் 'அம்மா' வருகிறது. விசைப்பலகையில் ஏற்கெனவே ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருக்கிறது. பயிற்சியே தேவையில்லை, ஐந்து நிமிடத்தில் முதல் வாக்கியம் எழுதிவிடலாம். தமிழ் இணையம் இவ்வளவு விரைவாக நிரம்பியதற்கு இந்த ஐந்து நிமிடமே பெருங்காரணம். புலம்பெயர்ந்தோர், பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்தோர், அலுவலகக் கணினியில் உணவு இடைவேளையில் எழுதியோர் எல்லோரையும் எழுத வைத்தது அது. இதை மறுத்துப் பேசுவோர் நன்றி மறந்தவர்.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தின் ஒரு எல்-ஐச் சிறியதாகத் தட்டினால் ல, பெரியதாகத் தட்டினால் ள. ர, ற-வும் அவ்வாறே. ன, ண-வும் அவ்வாறே. நம் நாவில் இடம் மாறிப் பிறக்கும் ஒலிகள் இங்கே ஒரே எழுத்தின் சிறுமை பெருமை ஆகிவிடுகின்றன. 'பள்ளி'யும் 'பல்லி'யும் தமிழ் 99இல் வேறுவேறு விசையில் உள்ளன. ஒலிபெயர்ப்பில் ஒரே விசை, மேல்நிலை விசை மட்டும் வேறுபாடு. அவசரத்தில் அது விடுபடுகிறது. கட்டுரைகளைத் திருத்துவோர் இவ்வகைப் பிழையை உடனே இனங்காண்பர். கையால் எழுதியபோது ற–ர மயங்காத மாணவர் கணினியில் மயங்குகிறார். பிழை அறியாமையில் பிறக்கவில்லை, கருவியில் பிறக்கிறது. இன்னொன்று: ஒலிபெயர்ப்பில் எழுதுபவர் ஒவ்வொரு தமிழ்ச்சொல்லையும் மனத்தில் ஒருமுறை ஆங்கில எழுத்தில் எழுத்துக்கூட்டியே தீரவேண்டும். தமிழை எழுதத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு அது ஒரு தலைமுறையைப் பழக்குகிறது. இதுவே நம் உண்மையான கவலை.

முதல் ஐந்து நிமிடத்தை அளந்தால் ஒலிபெயர்ப்பு வெல்லும். ஓராண்டு கழித்து அளந்தால் தமிழ் 99 வெல்லும் என்பது நம் துணிபு. எப்போது அளப்பது என்பதும் இடைமுக வடிவமைப்பில் ஒரு முடிவுதான். ஆனால் அதை யாரும் முடிவு என்று அறிவித்து எடுப்பதில்லை. பள்ளிகளில் கணினிப் பாடம் தொடங்கும் வகுப்பிலேயே தமிழ் 99ஐ இரண்டு வாரம் பயிற்றுவித்திருந்தால் அந்த ஐந்து நிமிடத் தடையை அரசே கடந்து கொடுத்திருக்கும். ஆணை பிறப்பித்ததோடு கடமை முடிந்ததெனக் கருதப்பட்டது. விசைகளின்மேல் தமிழ் எழுத்து பொறித்த பலகையைக் கடைகளில் காண்பதே அரிதாயிருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை விரைவானவை. ஆப்பிள் நிறுவனம் 2013இல் தன் கைப்பேசி இயங்குதளத்திலேயே தமிழ் 99, அஞ்சல் என்னும் இரு அமைப்புகளையும் சேர்த்தது. விண்டோசின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் 99 உடன்வந்தது. இருபதாண்டு கழித்துக் கதவு திறந்தபோது பலகையே மாறிவிட்டிருந்தது. கைப்பேசியில் பத்து விரல் இல்லை. இரண்டு கட்டைவிரல்கள், பலருக்கு ஒன்றே. நடுவரிசை, சுட்டுவிரல், சுண்டுவிரல் என்று கணக்கிட்டு வைத்த இடங்களுக்கு அங்கே பொருளில்லை. தமிழ் 99இன் மேல்வரிசையில் 12 எழுத்துகள், நடுவரிசையில் 11. ஆங்கிலத்தில் 10, 9. அதே அகலத்துக்குள் இரண்டு விசை கூடுதலாக நெருக்கினால் ஒவ்வொன்றும் ஒடுங்கும். பருத்த விரலுக்கு ண-வும் ட-வும் சேர்ந்தே அகப்படும்.

ஆயினும் அங்கேயும் மெய்யை முதலில் தொட்டு உயிரைப் பின்னர்த் தொடும் வரிசை மாறவில்லை. சில கைப்பேசி அமைப்புகளில் ககரத்தைத் தொட்டவுடன் உயிர் வரிசை முழுவதும் கா, கி, கீ, கு, கூ என்று உருமாறி நிற்கிறது. வேண்டியதைத் தொட்டால் போதும். ஒருங்குறியும் கொம்பைக் ககரத்தின் பின்னரே சேமிக்கிறது. அதைத் தமிழக அரசு 2010இல் தரமாக ஏற்றது. தட்டச்சுப் பொறியோடு வந்த கண்ணின் வரிசை மெல்ல விடைபெறுகிறது. விசையே இல்லாமல் வாயால் சொல்லி எழுதுவோரும் பெருகிவிட்டனர். அவர்கள் 'பல்லி' என்றாலும் 'பள்ளி' என்றாலும், நாக்கு சரியாக மடிந்ததா இல்லையா என்பதைப் பொருட்படுத்தாமல், அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்துக் கைப்பேசியே ஒன்றைத் தேர்ந்து எழுதிவிடுகிறது. ஓலையில் புள்ளியில்லா எழுத்தைப் படித்தவர் செய்ததைப் போலவே.